பாய்லரின் வயது எங்கே தெரியும்?

ஆலையில் நீராவி எடுக்கும் பழைய பாய்லரை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டலாம் என்று கேட்டு இந்த மாதம் வந்த கடிதங்களையும் வாட்ஸப் செய்திகளையும் கட்டிவைத்தால் ஒரு பை நிறையும். பாதிப் பேர் கேட்டிருப்பது ஒரே கேள்விதான். ஆனால் ஒவ்வொருவரிடமும் இருக்கும் பாய்லர் வேறு, அதற்குப் போகும் தண்ணீர் வேறு, அதனால் பதிலும் வேறு. சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊர் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன், ஆளும் ஆலையும் யாரென்று தெரிய வேண்டாம்.

கேள்வி: எங்கள் சாயப்பட்டறையில் மணிக்கு 3 டன் நீராவி தரும் விறகு பாய்லர், மூன்று பாஸ் (புகை உள்ளே மூன்று முறை ஓடி வெளியேறும்), 1999-ல் வாங்கியது. 25 வருஷம் தாண்டிவிட்டது. ஒருவர் உடனே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் டியூப் மட்டும் மாற்றினால் இன்னும் 10 வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (திருப்பூர்)

பதில்: இரண்டு பேரில் யாராவது பாய்லரைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தார்களா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் ஆள் புது பாய்லர் விற்பவர், இரண்டாம் ஆள் டியூப் மாற்றுபவர். அவரவர் கடையில் இருக்கும் சரக்கைத்தான் அவரவர் சொல்லியிருக்கிறார்கள்.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1923-ம் வருஷத்துச் சட்டம் போய் இப்போது 2025 பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் இந்த விஷயத்துக்கு நாம் புரட்ட வேண்டியது இந்தியன் பாய்லர் ரெகுலேஷன்ஸில் 391-ஏ என்ற பகுதி. 25 வருஷம் ஆன பாய்லரின் பாகங்களைச் சோதித்து மீதி ஆயுளைக் கணிக்க வேண்டும், அந்த வேலையை மத்திய பாய்லர் வாரியம் அங்கீகரித்த அமைப்புதான் செய்ய வேண்டும், முடிவு திருப்தியாக இருந்தால் 10 வருஷமோ, சோதித்தவர்கள் சொல்லும் அதைவிடக் குறைந்த காலமோ நீட்டிப்பு கிடைக்கும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி சோதனை. வேலை அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லவும் வழி இருக்கிறது. ஆக 25 வருஷம் ஆனதும் பழைய இரும்புக்காரருக்குப் போன் போட வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டும் ஓட்டக் கூடாது.

சரி, உங்கள் பாய்லரில் எங்கே பார்க்க வேண்டும்? டியூப்பைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன். டியூப், அதாவது புகை ஓடும் சின்னக் குழாய், செருப்பு மாதிரி, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். தண்ணீரைத் தாங்கும் வெளிக்கூடான ஷெல், தீ எரியும் பெரிய நெருப்புக்குழாய், டியூப் முனைகளைப் பிடித்திருக்கும் டியூப் பிளேட் இந்த மூன்றும்தான் கால். நெருப்புக்குழாய்க்குள் ஒரு ஆள் புகுந்து, அரை மீட்டருக்கு ஒரு இடத்தில் மேலிருந்து கீழும், இடமிருந்து வலமும் உள்விட்டத்தை அளக்கட்டும். இரண்டு அளவும் விலகிப் போயிருந்தால், அதிலும் மேல்பக்கம் கொஞ்சம் தொய்ந்திருந்தால், என்றைக்கோ தண்ணீர் குறைந்து சூடேறியிருக்கிறது, இல்லை மேலே உப்புப் படிவம் தடித்து உட்கார்ந்திருக்கிறது. லாக் புக்கில் அப்படி எதுவும் எழுதியிருக்காது, எழுதவும் மாட்டார்கள்.

அடுத்து டியூப் பிளேட். நெருப்புக்குழாயிலிருந்து வரும் புகை இரண்டாம் பாஸுக்குள் நுழையும் இடத்தில், டியூப்புக்கும் டியூப்புக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இரும்பு இருக்கும் பாருங்கள், அங்கேதான் விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தை நன்றாகத் துலக்கி, சிவப்புச் சாயத்தை அடித்து, ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளை மாவு போல இருப்பதை ஸ்பிரே செய்துவிட்டு ஒரு பத்து நிமிஷம் பொறுத்திருங்கள். விரிசல் இருந்தால் அந்த வெள்ளையில் ஒரு சிவப்பு நூல் தானாகக் கசிந்து வரும். ஒரு டியூப் ஓட்டையிலிருந்து பக்கத்து ஓட்டைக்கு அந்த நூல் போய்ச் சேர்ந்திருந்தால், புது டியூப்புக்குக் காசு போடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்தப் பிளேட்டை என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, ஷெல்லின் அடிவயிறு. எனக்கு இதில் ஒரு பழைய சூடு உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு பட்டறையில் ஷெல்லை மேலேயும் பக்கவாட்டிலும் அளந்தோம், எல்லாம் கிட்டத்தட்டப் புதுசு மாதிரி இருந்தது, ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த வயசான ஃபயர்மேன் ஒருவர்தான், "சார், கீழே தகரம் எப்பவும் ஈரமா இருக்கு" என்றார். மேலே மூடியிருந்த தகரத்தையும் உள்ளே சூடு காக்கும் கம்பளியையும் பிரித்தோம். பாய்லர் உட்கார்ந்திருக்கும் தொட்டிலை ஒட்டி இரும்பு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. பக்கத்துப் பம்பின் கிளாண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் வருஷக்கணக்கில் அந்தக் கம்பளிக்குள் ஊறிக்கிடந்திருக்கிறது. அதிலிருந்து, தகரத்தைப் பிரிக்க மாட்டோம் என்று சொல்கிற இடத்தில் நான் ரிப்போர்ட் எழுதுவதில்லை.

இந்த மூன்றும் நன்றாக இருந்தால் உங்கள் இரண்டாம் ஆள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஒன்று கெட்டிருந்தாலும் முதல் ஆள் பக்கம்தான் நான்.

கேள்வி: வாட்டர் டியூப் பாய்லர் (டியூப்புக்குள் தண்ணீர், வெளியே தீ), 12 வருஷம் ஓடியது. டியூப் தடிமனை அளந்து "மீதி ஆயுள் 14.2 வருஷம்" என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். நம்பலாமா? மூன்று வருஷமாக நிலக்கரியோடு உமியும் கலந்து எரிக்கிறோம். (உடுமலைப்பேட்டை, காகித ஆலை பராமரிப்புப் பிரிவு)

பதில்: அந்தப் புள்ளி இரண்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கணக்கு தப்பில்லை. நீங்கள் அனுப்பிய தாளில் டியூப்பின் முதல் தடிமன் 3.66 மில்லிமீட்டர், இப்போது ஆகக் குறைந்தது 2.9, அந்த அழுத்தத்துக்கு வேண்டிய குறைந்தபட்சம் 2.0 என்று எடுத்திருக்கிறார்கள். 12 வருஷத்தில் 0.76 தேய்ந்தது, வருஷத்துக்கு 0.063, கையிருப்பு 0.9, வகுத்தால் 14.2. பள்ளிக்கூடக் கணக்கு.

கோளாறு இரண்டு இடத்தில். புது டியூப் 3.66 என்பது கேட்லாக்கில் இருக்கும் எண். வந்து இறங்கிய டியூப் 3.8 ஆகவும் இருந்திருக்கலாம், 3.4 ஆகவும் இருந்திருக்கலாம், பாய்லர் போட்ட அன்றே அளந்து வைத்திருந்தால்தான் தெரியும், யாரும் அளந்து வைப்பதில்லை. இரண்டாவது, நீங்கள் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கும் உமி. கேள்வியே அதுதான். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணல் காகிதம் மாதிரி தேய்க்கும். மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள், நல்லதாய்ப் போயிற்று. அதே இடத்தில் அப்போது 3.2. அப்படியென்றால் முதல் 9 வருஷத்தில் 0.46-தான் தேய்ந்திருக்கிறது, உமி வந்தபின் மூன்றே வருஷத்தில் 0.3. வருஷத்துக்கு 0.1. இப்போது வகுத்துப் பாருங்கள், 14 போய் 9 ஆகிவிட்டது.

அந்த 9-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். சாம்பல் எல்லா இடத்தையும் சமமாகத் தேய்ப்பதில்லை, வளைவுகளிலும், சுவருக்கும், வெளியேறும் புகையில் தண்ணீரைச் சூடாக்கும் எகனாமைசருக்கும் நடுவே புகை பிய்த்துக்கொண்டு ஓடும் சந்திலும்தான் அதிகம் தேய்க்கும். ரிப்போர்ட்டில் அளந்த இடங்கள் எல்லாம் நேர் டியூப், ஆள் நின்றுகொண்டு கை எட்டும் உயரத்தில். வளைவில் ஒரு அளவுகூட இல்லை. அடுத்த ஷட்டவுனில் சாரம் கட்டி, வளைவுகளின் வெளிமுதுகைத் துலக்கி, அங்கே அளக்கச் சொல்லுங்கள். வந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு, வருகிற ஆயுளில் பாதி ஆவதற்குள் மறுபடி அளந்துவிடுங்கள். அளந்த இடத்தை ஒரு படத்தில் குறித்து வைத்தால்தான் அடுத்த முறை அதே இடத்தைத் தொட முடியும். ஒரு ஜாண் தள்ளி அளந்தால் அது வேறு கதை.

கேள்வி: ஹைட்ராலிக் டெஸ்ட் ஒரு சொட்டு ஒழுகாமல் பாஸ் ஆனது. அப்புறமும் எதற்கு இந்த ஆயுள் சோதனை எல்லாம்? (ஈரோடு)

பதில்: குளிர்ந்த தண்ணீரை வைத்து அழுத்திப் பார்த்ததில் அன்றைக்குப் பாய்லர் தாங்கியது, அவ்வளவுதான். ஒரு ஆள் மாடிப்படி ஏறிவிட்டார் என்பதற்காக அவருக்குச் சர்க்கரை இல்லை என்று சொல்ல முடியுமா? பாதி தூரம் போன விரிசல் அந்த டெஸ்டில் ஒழுகாது. சூட்டில் வரும் சேதம் குளிர்ந்த தண்ணீரில் தெரியவே தெரியாது.

கேள்வி: சர்க்கரை ஆலையில் நீராவியும் மின்சாரமும் சேர்த்து எடுக்கும் கோ-ஜென் பாய்லர், 87 கிலோ அழுத்தம், 515 டிகிரி ஸ்டீம். 2005-லிருந்து ஓடுகிறது. மணி மீட்டரில் 92,000. ஒரு லட்சம் ஆனதும்தானே சோதனை, அதுவரை சும்மா இருக்கலாமா? (விழுப்புரம் மாவட்டம், ஷிப்ட் இன்ஜினியர்)

பதில்: 400 டிகிரியும் அதற்கு மேலும் ஓடும் பாய்லருக்கு ஒரு லட்சம் மணி நேரம் என்று விதி சொல்வது உண்மைதான். உங்களுக்குக் கரும்பு சீசன் மட்டும் என்பதால் அது மெதுவாக வருகிறது, வருஷம் முழுக்க ஓடும் ஆலையில் 12, 13 வருஷத்திலேயே வந்துவிடும். ஆனால் மணி மீட்டர் ஓடியதைச் சொல்லுமே தவிர என்ன சூட்டில் ஓடியது என்று சொல்லாது.

இந்தச் சூட்டில் இரும்பு பாரம் தாங்கிக்கொண்டே மெல்ல மெல்ல இழுபடும், அதைத்தான் கிரீப் என்கிறோம். லார்சன், மில்லர் என்ற இரண்டு அமெரிக்க இன்ஜினியர்கள் 1952-ல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள், இன்றைக்கும் அதைத்தான் போடுகிறோம். நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டி, ஓடும் மணி நேரத்தின் லாக் மதிப்போடு 20-ஐக் கூட்டி, இரண்டையும் பெருக்கினால் வரும் எண் ஒரு உலோகத்துக்கு ஒரு அழுத்தத்தில் மாறாது. டியூப் உலோகம் 550 டிகிரியில் ஒரு லட்சம் மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 550-ஓடு 273-ஐக் கூட்டினால் 823, ஒரு லட்சத்தின் லாக் 5, அதோடு 20-ஐக் கூட்டினால் 25, இரண்டையும் பெருக்கினால் 20,575. இப்போது அதே டியூப்பை 560-ல் ஓட்டினால் எவ்வளவு தாங்கும்? 50,000 மணி நேரம். 570-ல்? 25,000 சொச்சம். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி.

இங்கே நான் சொல்வது டியூப் இரும்பின் சூடு, உங்கள் கண்ட்ரோல் ரூம் திரையில் தெரியும் ஸ்டீமின் சூடு அல்ல. ஸ்டீம் 515 காட்டும்போது ஸ்டீமை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டரின் கடைசி வரிசை எவ்வளவில் இருக்கிறது என்பது, உள்ளே எவ்வளவு ஆக்சைடு படிந்திருக்கிறது, புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. அதனால் மீட்டருக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் சீசன் முடிந்ததும் பாய்லர் மாதக்கணக்கில் சும்மாதானே கிடக்கிறது, இதைவிட வசதி மின் நிலையத்துக்காரருக்குக்கூடக் கிடைக்காது. அல்ட்ராசானிக்கில் டியூப் உள்பக்க ஆக்சைடின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள், அதிலிருந்து இத்தனை வருஷமும் அந்த டியூப் என்ன சூட்டில் இருந்தது என்று பின்னோக்கிக் கணிக்கலாம். கடைசி வரிசையிலிருந்து ஒரு துண்டை வெட்டி லேபுக்கும் அனுப்புங்கள்.

டியூப்கள் வந்து சேரும் தடித்த குழாயான ஹெடரை வெட்ட முடியாது, அதற்கு ரெப்ளிகா, அதாவது உலோகத்தின் அச்சு. பார்க்கவே அழகான வேலை. ஒரு தபால்தலை அளவு இடத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணுவார்கள், நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தொட்டுத் துடைத்ததும் அந்த இடம் மங்கும், அசிட்டோனில் நனைத்த ஒரு மெல்லிய பிலிமை ஒட்டி, காய்ந்ததும் உரித்து எடுப்பார்கள். கைரேகை எடுப்பது போலத்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துகள் எல்லைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் குழிகள் இருக்கிறதா, குழிகள் வரிசை கட்டிவிட்டதா, சேர்ந்து நுண் விரிசல் ஆகிவிட்டதா என்று தெரியும். முதல் நிலை என்றால் குறித்து வைத்துக்கொண்டு ஓட்டலாம், வரிசை கட்டியிருந்தால் அடுத்த சோதனையைச் சீக்கிரம் வைக்க வேண்டும், விரிசல் என்றால் அந்தப் பாகத்தை மாற்றும் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.

கேள்வி: புது பாய்லர் வந்தபின் பழைய பாய்லரை ஸ்டாண்ட்பையாக வைத்திருக்கிறோம். வருஷத்தில் பத்து நாள்தான் ஓடும். அதற்கும் தேய்மானம் உண்டா? (செங்குன்றம், அரிசி ஆலை)

பதில்: ஓடுகிற பாய்லரைவிடப் படுத்துக்கிடக்கும் பாய்லர் வேகமாக அரிக்கும். பாதித் தண்ணீரோடு, மேலே காற்றோடு அப்படியே விட்டுவிட்டால் தண்ணீர் மட்டத்தை ஒட்டி உள்சுவரில் வரிசையாகக் குழி விழும், விரல் நகம் உள்ளே போகும் அளவுக்கு நான் பார்த்திருக்கிறேன். ஒன்று முழுக்க நிரப்பி ஆக்சிஜன் நீக்கும் மருந்து போட்டு மூடுங்கள், இல்லையென்றால் முழுக்க வடித்து, உலர்த்தி, உள்ளே தட்டுகளில் சுட்ட சுண்ணாம்போ சிலிக்கா ஜெல்லோ வைத்து மூடுங்கள். இரண்டுக்கும் நடுவில் எதுவும் வேண்டாம். தட்டு வைத்தவர்கள் திரும்ப ஓட்டும்போது அதை எடுக்க மறக்காதீர்கள், சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

ஸ்டாண்ட்பை என்றதும் எனக்கு அமெரிக்காவின் பிராக்டன் நகரத்துச் செருப்பு ஆலைதான் நினைவுக்கு வரும். 1905 மார்ச் 20. பெரிய பாய்லர் பராமரிப்பில் இருந்ததால் பழைய பாய்லரை அன்றைக்கு ஓட்டினார்கள். அது வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது, ஆலை இடிந்து தீப்பிடித்து 58 பேர் இறந்தார்கள். காரணம், ரிவெட் அடித்து ஒன்றன்மேல் ஒன்றாக மடித்த தகடுகளுக்கு உள்ளே மறைந்திருந்த விரிசல். வெளியிலிருந்து பார்த்தவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் தெரிந்திருக்காது. அந்த மாகாணத்தில் பாய்லர் விதிகள் வந்ததும், பிறகு உலகமே எடுத்துப் பார்க்கும், அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் ஆஸ்மி கோட் வந்ததும் அதற்கப்புறம்தான். உங்கள் பாய்லர் வெல்டிங் போட்டது, அந்த மாதிரி மடிப்பு இருக்காது. ஆனால் அந்தப் பத்து நாளுக்கு முன்னால் மேன்ஹோலைத் திறந்து ஒரு டார்ச் அடித்துப் பார்க்கலாமே.

கேள்வி: பழைய பாய்லர்தான் வெடிக்கும் என்பது சரியா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: இல்லை. 2017 நவம்பர் 1-ம் தேதி உத்தரப் பிரதேசம் ஊஞ்சாஹார் அனல் மின் நிலையத்தில் விபத்து நடந்த 500 மெகாவாட் யூனிட் அந்த வருஷம்தான் ஓடத் தொடங்கியது. அடியில் சாம்பல் கட்டி அடைத்துக்கொண்ட நிலையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், 30 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயுள் கணிப்பு எதுவும் அதைச் சொல்லியிருக்காது, அது தேய்மானம் அல்ல, ஓட்டிய விதம்.

கேள்வி: 15 வருஷம் ஓடிய பாய்லர் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (ராணிப்பேட்டை)

பதில்: பெயின்ட் புதுசாக இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். பதிவு எண் உடம்பில் குத்தியிருக்கும், அதைக் கையால் தடவிப் பார்த்து ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். வரைபடம், பதிவுப் புத்தகம், ரிப்பேர் செய்ததற்கு அனுமதி வாங்கிய கடிதங்கள், இந்த மூன்றும் இல்லாத பாய்லரை எடைக்குப் போடுகிற விலைக்குக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன். ரொம்ப மலிவாகத் தருகிறவரிடம், முன்பு எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேளுங்கள். போர் தண்ணீர், கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் ரிப்பேரில் இருந்தது என்று பதில் வந்தால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடலாம். மற்றபடி திருப்பூர்க்காரருக்குச் சொன்ன மூன்று இடத்தையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்.

கேள்வி: நான் இரண்டாம் வகுப்பு அட்டெண்டென்ட். புளோடவுன் கொடுத்தால், அதாவது உப்பு சேர்ந்த பாய்லர் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே விட்டால், விறகு வீண் என்று முதலாளி திட்டுகிறார். பாய்லர் ஆயுளுக்கு நான் என்ன செய்ய முடியும்? (ஆம்பூர்)

பதில்: தம்பி, இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வி உங்களுடையது. உங்கள் முதலாளியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். உள்ளே போகும் தண்ணீரில் உப்பு 200 பி.பி.எம்., பாய்லருக்குள் 3,500-ஐத் தாண்டக் கூடாது என்றால் நீங்கள் வெளியே விட வேண்டியது ஸ்டீம் அளவில் சுமார் 6 சதவீதம். 10 கிலோ அழுத்தம், பாய்லருக்குள் போகும் ஃபீட் தண்ணீர் 60 டிகிரி என்று வைத்தால் அதோடு வெளியே போகும் சூடு, எரிக்கும் 100 கிலோ விறகில் ஒன்றேகால் கிலோவை ஒட்டி வரும். புளோடவுன் கொடுக்காமல் உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் புகைபோக்கி வழியே போகும். அங்கே 22 டிகிரி கூடினால் அந்த நூறில் ஒரு கிலோ விறகு போச்சு, அது தினமும் கூடிக்கொண்டே போகும், அதோடு டியூப் வேறு சூடேறும்.

அப்புறம் ஃபீட் தொட்டி. கண்டென்சேட், அதாவது வேலை முடிந்து தண்ணீரான ஸ்டீம், திரும்ப வருகிறதென்றால் அதை வெளியே விடாமல் தொட்டியில் சேருங்கள். 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், சூடேற ஏற அது பிரிந்து போய்விடும், குழி விழுவதும் குறையும்.

ஒரு நோட்டு போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே லோடில், புகைபோக்கிச் சூடு, தண்ணீர் கடினத்தன்மை, எத்தனை முறை புளோடவுன், பாய்லரை எப்போது அணைத்து எப்போது பற்றவைத்தீர்கள், இவ்வளவுதான். ஆயுள் கணிக்க வருகிறவர் மீட்டரை எடுப்பதற்கு முன் கேட்கும் முதல் பொருள் அந்த நோட்டுதான், பத்து ஆலையில் ஒன்பதில் அது ஆயுத பூஜை சமயத்தில் பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.